வண்டி எடை

பகல் முழுக்க என் வேலை கழித்தல்.
குலைகளோடு வரும் லோரியை
எடைமேடையில் ஏற்றுவேன், எழுதுவேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு தடவை.
முன்னதில் பின்னது போனால் காய்.
வேலைக்குப் புதிதாய் வருகிறவர்கள்
மறப்பது வெறும் வண்டியைத்தான்.
லாபிஸ் ஆலையில் பதினொரு வருஷம்,
ஒரு டன்கூட நான் தவறவிட்டதில்லை.

வீட்டில் நூறு கிராம் சோறு
என்னை ஏமாற்றுகிறது.

அதே பொன்னி அரிசி,
அதே சின்னத் தராசு,
அதே இரண்டு யூனிட்.
செவ்வாய் ஏழு. புதன் பத்தொன்பது.
என்னம்மா சாப்பிட்டே என்றால்
ரூபினி வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிறாள்,
சோதித்துக்கொள் என்பதுபோல.
"ஒண்ணுமில்லப்பா. மழை பேஞ்சிச்சு,
ரவுண்டர்ஸ் விளையாடல."
மழைக்கு எத்தனை யூனிட் என்று
செகாமாட் ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையில் இல்லை.

முதல் வாரம் தேவிகா
ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினாள்.
அதை யாரும் தின்னவில்லை.
சாமி மேடையில் வைத்தாள்,
அங்கேயே சுருங்கிப்போனது.
இப்போது "வயிறா, தொடையா" என்கிறாள்
"ரெட்டைப் பின்னலா, ஒத்தையா" என்கிற அதே குரலில்.
கரண்ட் போனால் இந்த வீட்டில்
மெழுகுவத்தியை யாரும் தேடுவதில்லை.
ஆளுக்கொரு பக்கமாய் ஐஸ்பெட்டிக்கு ஓடுகிறோம்.

சந்தையில் மீன்காரரின் மனைவி கேட்டாள்,
"சின்னதிலேயே இனிப்பு ரொம்பக் குடுத்திட்டீங்களோ?"
தேவிகா மீதிச் சில்லறையை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
வீட்டுக்கு வந்து
கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையெல்லாம்
இறக்கிக் கழுவினாள்.

விடியற்காலை மூன்று மணி.
போன் அலறுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன்.
போர்வைக்குள் துழாவி
நேற்றுக் குத்தாத விரலாய் எடுக்கவேண்டும்.
இரண்டு புள்ளி ஒன்பது.
கண் திறக்காமலே ஸ்ட்ராவைக் கவ்வுகிறாள்.
ஜூஸ் தீர்ந்த டப்பா கரகரக்கும்வரை உறிஞ்சுகிறாள்.
பிறகு பதினைந்து நிமிஷம்.
தூரத்தில் ஆலை ஆவி விடுகிறது.
அவள் நெற்றி வேர்வையைத் துடைக்கிறேன்,
கடிகாரத்தைப் பார்க்கிறேன், மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஸ்ட்ரிப் குறைந்தது.
ஆலையில் ஒரு லோரியே காணாமல் போனதுபோல்
வீட்டையே கவிழ்த்தேன்.
விலை அப்படி.
மீட்டரின் நினைவில் ஓர் எண் இருந்தது:
மாலை நாலு பத்து, ஐந்து புள்ளி மூன்று.
நாலு பத்துக்கு ரூபினி டியூஷனில்.

லவனேஷுக்குப் பன்னிரண்டு வயசு.
கட்டைவிரலைச் சட்டைக்குள் மடக்கி வைத்திருந்தான்.
"எனக்கும் இருக்கான்னு பாத்தேன்."
"இல்லையேடா. நல்லதுதானே?"
அவன் சுவரில் இருந்த காலண்டரிடம் சொன்னான்:
"அஞ்சு புள்ளி மூணுன்னா
யாரும் எந்திரிச்சி வரமாட்டீங்கல்ல."

திட்ட எடுத்த வாயைச் சும்மா மூடினேன்.
தேவிகா கேட்டாளா தெரியவில்லை.
அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது,
அவள் நகரவில்லை.

அன்று ராத்திரி ரூபினிக்கு எட்டு.
ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை, போய்ப் படுக்கலாம்.
எதிர்ச்சுவரோரம் அவன் மெத்தை.
குனிந்து கட்டைவிரலைப் பிடித்தேன்.
தூங்குகிறவன் விரல் அப்படி விறைப்பாய் இருக்காது.
"ஜூஸ் வேணுமா?"
நெடுநேரம் கழித்து, "ம்."

டப்பாவைப் பிரித்துக் கொடுத்தேன்.
அவனும் கண் திறக்காமலே குடித்தான்.
அங்கேயும் உட்கார்ந்திருந்தேன்
பதினைந்து நிமிஷம்.